சங்கப் பிரதிநிதிக்கு முதலில் எதைப் பழக்க வேண்டும்?

ஒரு சங்கச் செயலாளரின் கேள்வி இது: "பிரிவுக்கு ஒருவர் என்று 14 பேரைப் புதிதாகப் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மெமோ, விசாரணை என்று வரும்போது சக தொழிலாளிக்குத் துணை நிற்க இவர்களைத் தயார் செய்ய வேண்டும். கையில் இரண்டு நாள் இருக்கிறது. தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலைக் கூப்பிட்டு வகுப்பு எடுக்கச் சொல்லலாம் என்று யோசனை. சரியா?"

வக்கீலைக் கூப்பிடுங்கள் தோழர். ஆனால் இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல், ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும். அதற்கு முன்னால் இருக்கிற நேரம் முழுக்க வேறு வேலைக்கு வேண்டும்.

நான் பிரதிநிதியான புதிதில் எனக்கும் இரண்டு நாள் சட்ட வகுப்புதான் நடந்தது. பிரிவு எண்கள், தீர்ப்புகள், ஒரு தடித்த ஃபைல். அடுத்த வாரமே பக்கத்து மிஷினில் வேலை செய்தவர் கையில் மெமோவோடு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "வேலை போயிடுமா?" என்று கேட்டார். என் ஃபைலில் அதற்குப் பதில் இல்லை. "ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு செய்தேன். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை வாக்குறுதியாகக் கொடுத்தேன். அவருடைய பிரச்சினையை அவர் கையிலிருந்து பிடுங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். மூன்றாவது தப்பு அப்புறம்தான் தெரிந்தது: மெமோவில் பதில் தர வேண்டிய கடைசித் தேதியை நான் பார்க்கவே இல்லை. கெடு தாண்டிவிட்டது. எழுத்துப்பூர்வ எச்சரிக்கை அவருடைய பணிப் பதிவேட்டில் ஏறியது. நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது.

அதனால் என் பதில் சுருக்கமாக இதுதான்: முதலில் காதைப் பழக்குங்கள், அப்புறம் கையை (அதாவது எழுதுவதை), அப்புறம் வாயை. சட்டம் இந்த மூன்றுக்கும் துணையாக வரட்டும். ஒரு பிரிவு எண்ணைச் சங்க அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். மெமோ வாங்கிய ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கேட்பது என்பதைப் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

முதல் நாள் காலை முழுவதையும் கேட்கும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் தொழிலாளி, ஒருவர் பிரதிநிதி. தொழிலாளியாக நடிப்பவரிடம் ஒரு சீட்டு கொடுங்கள். சம்பவம் அதில் இருக்கும். கடைசி வரியில் "இதை நேரடியாகக் கேட்டால் மட்டும் சொல்லவும்" என்று ஒரு விஷயம் எழுதுங்கள். போன மாதமும் இதே காரணத்துக்கு வாய்மொழி எச்சரிக்கை வாங்கியிருக்கிறார், அல்லது சூப்பர்வைசரை அவரும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கிறார் என்பது மாதிரி.

முதல் சுற்றில் பேனாவைத் தொடக் கூடாது. சும்மா கேட்க வேண்டும். பயத்தில் வருகிறவர்கள் கதையை நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், பத்து வருடத்துக்கு முன்னால் நடந்ததையும் சேர்ப்பார்கள். சேர்க்கட்டும். இரண்டாவது சுற்றில் நோட்டு எடுத்து, யார், எங்கே, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். மூன்றாவது சுற்றில் எழுதியதை அவருக்கே திருப்பிச் சொல்லி, "இதில் எது தப்பு, எது விட்டுப்போச்சு?" என்று கேட்க வேண்டும். மறைத்து வைத்த விஷயம் பெரும்பாலும் இந்த மூன்றாவது சுற்றில்தான் வெளியே வரும். இரண்டாவதோடு நிறுத்துகிற பிரதிநிதி அதை விசாரணை அறையில், நிர்வாகத்தின் வாயிலிருந்து முதல்முறையாகக் கேட்பார்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளச் சொல்லுங்கள். "ஏன் லேட்டா வந்தீங்க?" என்று சங்க ஆள் கேட்டாலும் சூப்பர்வைசர் கேட்பது போலத்தான் காதில் விழும். "அன்றைக்கு வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து சொல்லுங்க" என்றால் அதே பதில் தானாக வரும்.

கேட்பதில் இன்னொரு பாதி, உண்மையையும் அபிப்பிராயத்தையும் பிரிப்பது. "கேவலமாகப் பேசினார்" என்பது அபிப்பிராயம். என்ன வார்த்தை சொன்னார், எந்த இடத்தில், யார் காதில் விழுந்தது என்பது உண்மை. "எப்பவும் எனக்கு மட்டும்தான் நைட் ஷிப்ட்" என்று ஒருவர் வந்தால், கடந்த மூன்று மாத ஷிப்ட் அட்டவணையை எடுத்து எண்ண வேண்டும். எண்ணினால் சில நேரம் அவர் சொன்னது சரியாக இருக்கும், சில நேரம் இருக்காது. இருக்காத நாளில் அதை அவரிடம் தனியாகச் சொல்லும் தைரியமும் பிரதிநிதிக்கு வேண்டும்.

எல்லாப் புகாரும் முறையீடு (நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்கும் முறையான புகார்) ஆகாது. நிர்வாகம், சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்தை மீறியதா, சட்டத்தை மீறியதா, நிறுவனத்தின் சொந்த விதியையே மீறியதா, இத்தனை நாள் நடந்துவந்த வழக்கத்தைத் திடீரென்று மாற்றியதா, ஒருவரை மட்டும் வேறு மாதிரி நடத்தியதா என்று பார்க்க வேண்டும். எதிலும் சேரவில்லை என்றால் முறையீடு எழுதுவதில் பயனில்லை. அதற்காகப் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடாது. குடிதண்ணீர் தொட்டி தூரத்தில் இருப்பது எந்த விதியையும் மீறாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பிரிவில் நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தால் தொட்டி நகரும். முறையீடாக எழுதத் தெரிந்த அளவுக்கு இப்படி ஆட்களைச் சேர்க்கவும் தெரிந்தவர்தான் பிரதிநிதி. வெறும் முறையீடு எழுதுகிறவர் குமாஸ்தா. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், ஆனால் நிறைய சங்கங்களில் நடப்பது அதுதான்.

மத்தியானம் விசாரணை அறைக்குப் போகலாம். இதற்கு நான் எப்போதும் ஒரு உண்மைச் சம்பவத்தோடு ஆரம்பிப்பேன். 1972-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், வைன்கார்ட்டன் என்ற கடைத் தொடரின் உணவுப் பிரிவில் வேலை செய்த ஒரு பெண் ஊழியரை மேனேஜரும் நிறுவனத்தின் புலனாய்வு ஆளும் உள்ளே கூப்பிட்டார்கள். 2.98 டாலர் விலையுள்ள பெட்டிக் கோழியை எடுத்துக்கொண்டு ஒரு டாலர் மட்டும் கல்லாவில் போட்டார் என்பது சந்தேகம். சங்கப் பிரதிநிதியைக் கூப்பிடச் சொல்லி அவர் பலமுறை கேட்டார்; மறுத்துவிட்டார்கள். ஒரு டாலருக்கு உண்டான துண்டுகளைத்தான் எடுத்தேன், சின்னப் பெட்டி தீர்ந்துபோனதால் பெரிய பெட்டியில் போட்டேன் என்றார். விசாரித்துப் பார்த்ததில் அது உண்மை. புலனாய்வு ஆள் வருத்தம் தெரிவித்தார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். அழுகை தாங்காமல் அவர், "காசு கொடுக்காமல் நான் இங்கே வாங்கியது மத்தியான இலவசச் சாப்பாடு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார். உடனே இரண்டாவது விசாரணை ஆரம்பமானது. சாப்பாட்டுக்காகச் சுமார் 160 டாலர் தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் போடவில்லை. அப்புறம் பார்த்தால், அந்தப் பிரிவின் மேனேஜர் உட்பட ஏறக்குறைய எல்லோரும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடாது என்று யாருக்கும் யாரும் சொன்னதில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1975-ல் தீர்ப்பு வந்தது. தண்டனையில் முடியலாம் என்று தொழிலாளி நியாயமாக அஞ்சும் விசாரணையில், அவர் கேட்டால் சங்கப் பிரதிநிதியை மறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். தனியாக மாட்டிக்கொண்ட தொழிலாளி பயத்தாலோ பேச வராததாலோ நடந்ததைச் சரியாகச் சொல்ல முடியாமல் போகலாம் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டியது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வகுப்பில் ஒரே கேள்வி கேளுங்கள்: அந்த அறையில் நீங்கள் இருந்திருந்தால் எந்த நிமிடத்தில் என்ன செய்திருப்பீர்கள்? முதலில் வீராவேசமான பதில்கள் வரும். மேசையைத் தட்டியிருப்பேன், வெளிநடப்பு செய்திருப்பேன் என்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்வார்: "அவர் அழ ஆரம்பித்தவுடனே, அஞ்சு நிமிஷம் வெளியே போயிட்டு வரோம்னு கேட்டிருப்பேன்." அதுதான் பதில். பிரதிநிதி விசாரணையில் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் பெரும்பாலும் ஒரு இடைவேளை கேட்பதுதான்.

அடுத்து நடிப்பு. நிர்வாகத்தின் தரப்பில் உட்கார, சங்கத்தில் இருப்பதிலேயே கோபக்கார ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவர் அதை மிக நன்றாகச் செய்வார். செய்துவிட்டு, "மேனேஜர் நாற்காலியில் உக்காந்தா பதில் வராத அமைதிதான் பயமா இருக்கு" என்பார். ஒருவரைப் பேசாமல் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுக்க மட்டும் வையுங்கள். ஒரே காட்சியை ஆள் மாற்றி மூன்று முறை ஓட்டுங்கள். இதற்குச் செலவாகும் நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அறைக்குள் போகும் முன் கேட்க வேண்டியது: இது எதைப் பற்றிய விசாரணை, குற்றச்சாட்டு எழுத்தில் உண்டா, ஆவணங்களை முன்கூட்டியே தருவார்களா. உள்ளே போனதும் தொழிலாளி கேட்ட கேள்விக்கு மட்டும், சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். மௌனத்தை நிரப்பப் பேசக் கூடாது. கேள்வி குழப்பமாக இருந்தால் பிரதிநிதி விளக்கம் கேட்கலாம். தாளை நீட்டினால் அங்கேயே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டால் "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று தேதியோடு எழுதிப் போடலாம். பயந்த ஆள் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒன்று எதிலும் கையெழுத்துப் போட மாட்டார், அல்லது எல்லாவற்றிலும் போட்டுவிடுவார்.

இங்கேதான் உங்கள் வக்கீல் தேவைப்படுகிறார். பிரதிநிதி அறைக்குள் எவ்வளவு தூரம் பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனின் 1999-ஆம் ஆண்டு வேலை உறவுகள் சட்டத்தில், துணைக்கு வருபவர் தொழிலாளியின் தரப்பை எடுத்துவைக்கலாம், முடிவில் தொகுத்துச் சொல்லலாம், நடுவில் தொழிலாளியோடு கலந்து பேசலாம். ஆனால் தொழிலாளியிடம் கேட்ட கேள்விக்கு அவருக்குப் பதிலாகப் பதில் சொல்லும் உரிமை இல்லை. துணைவர் அன்றைக்கு வர முடியாவிட்டால், ஐந்து வேலை நாளுக்குள் வேறு நேரம் கேட்டு ஒத்திவைக்கச் சொல்லலாம். சங்கம் அனுப்புபவர் சம்பளம் பெறும் முழுநேர ஊழியராக இல்லாவிட்டால், அவருக்கு இந்த வேலையில் அனுபவமோ பயிற்சியோ உண்டு என்று சங்கம் எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பயிற்சி பெற்றவர் என்ற சொல்லே சட்டத்துக்குள் இடம்பிடித்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம். உங்கள் ஊர்ச் சட்டம் இந்தக் கோட்டை எங்கே போடுகிறது என்பதை மட்டும் வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும்.

மிச்ச சட்டத்துக்கு விரிவுரை வேண்டாம். கூட்டு ஒப்பந்தம், நிறுவனத்தின் பணி விதிகள், விடுப்பு விதி, பாதுகாப்பு விதி எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, குழுவாகப் பிரித்து, தேடும் போட்டி வையுங்கள். "ஓவர்டைமை மறுக்கலாமா? பத்து நிமிடத்தில் எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று காட்டுங்கள்." தேடிக் கண்டுபிடித்த விதி மனதில் நிற்கும், ஒப்பந்தத்தைப் புரட்டும் பயமும் போய்விடும். பதில் கிடைக்காத கேள்வி ஒன்றிரண்டையும் வேண்டுமென்றே சேருங்கள். "தெரியல, கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லப் பழக வேண்டும். சொன்னபடி நாளைக்குச் சொல்லவும் வேண்டும்.

ஒழுங்கு நடவடிக்கை நியாயமா என்று பார்க்க ஒரு நல்ல கருவி இருக்கிறது. கரோல் டாஹர்ட்டி என்ற, தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமெரிக்க நடுவர் 1960-களில் ஏழு கேள்விகளாக வகுத்தது. பல சங்கங்கள் இன்றும் பயிற்சியில் பயன்படுத்துகின்றன. என் மொழியில் சொன்னால்: இப்படிச் செய்தால் இந்தத் தண்டனை வரும் என்று அவருக்கு முன்பே தெரியுமா? அந்த விதி வேலைக்குத் தேவையான, நியாயமான விதியா? முடிவெடுக்கும் முன் விசாரித்தார்களா? அந்த விசாரணை நேர்மையானதா? ஆதாரம் உண்டா? இதையே செய்த மற்றவர்களுக்கும் இதே தண்டனைதானா? செய்த தப்புக்கும் அவருடைய இத்தனை வருடச் சேவைக்கும் தண்டனையின் அளவு பொருந்துகிறதா? மேலே சொன்ன சாப்பாட்டுக் கதையை இந்த ஏழு கேள்விகளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் கேள்வியிலும் ஆறாவதிலும் வழக்கு அங்கேயே விழுந்துவிடும். உங்கள் நாட்டுச் சட்டம் இந்த ஏழையும் ஏற்றுக்கொண்டதோ இல்லையோ, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்க இதைவிடக் கூர்மையான கேள்விகள் இல்லை.

வகுப்பில் இந்த இடத்தில் ஒரு குரல் நிச்சயம் எழும்: "நிஜமாவே தப்பு பண்ணவனுக்கு நான் ஏன் பேசணும்?" அமுக்கிவிடாதீர்கள். அரை மணி நேரம் விவாதிக்க விடுங்கள். தப்பே செய்யவில்லை என்று சாதிப்பது பிரதிநிதியின் வேலை இல்லை. விசாரணை ஒழுங்காக நடந்ததா, தண்டனை அளவாக இருக்கிறதா என்று பார்ப்பதும், அந்த ஆளின் மறுபக்கத்தை யாராவது ஒருவர் சொல்வதும்தான் வேலை. கெட்ட பெயர் எடுத்தவருக்குக் குறுக்கு வழியில் கொடுத்த தண்டனை, அடுத்த வருடம் நல்ல பெயர் எடுத்தவருக்கும் அதே வழியில் வரும். பழைய வழக்கம் என்று அதையே காட்டுவார்கள்.

யாருக்குப் பேசுவோம், யாருக்குப் பேச மாட்டோம் என்று சங்கம் தன் விருப்பத்துக்குப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் அவமானகரமான பக்கங்கள் உண்டு. அமெரிக்க ரயில்வேயில் நீராவி எஞ்சின் உலைத் தொழிலாளர் சங்கம் ஒன்று, கறுப்பினத் தொழிலாளர்களை உறுப்பினராகச் சேர்க்காமல், ஆனால் அவர்களுக்கும் சேர்த்துப் பேரம் பேசும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, அவர்களை வேலையிலிருந்து ஓரங்கட்டும் ஒப்பந்தத்தையே போட்டது. ஸ்டீல் என்ற உலைத் தொழிலாளி வழக்குப் போட்டார். 1944-ல் உச்ச நீதிமன்றம், எல்லோர் சார்பிலும் பேசும் அதிகாரம் இருந்தால் எல்லோருக்கும் நேர்மையாகப் பேசும் கடமையும் உண்டு என்றது. 1967-ல் வந்த இன்னொரு தீர்ப்பு அளவுகோலையும் சொன்னது: மனம்போன போக்கில், பாரபட்சமாக, அல்லது கெட்ட எண்ணத்தோடு நடக்கக் கூடாது. எல்லா முறையீட்டையும் கடைசிவரை கொண்டுபோக வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. கைவிடுவதென்றால் விசாரித்துப் பார்த்து, காரணத்தோடு, அவரிடம் நேரில் சொல்லிவிட்டுக் கைவிட வேண்டும். போன தேர்தலில் எதிர் அணிக்கு ஓட்டுப் போட்டார் என்பது காரணம் ஆகாது. இதைப் பெயர் சொல்லாமல் வகுப்பில் சொல்லுங்கள். புரிய வேண்டியவர்களுக்குப் புரியும்.

இன்னும் கடினம், புகார் கொடுத்தவரும் கொடுக்கப்பட்டவரும் இருவருமே உறுப்பினர்களாக இருப்பது. குறிப்பாகப் பாலியல் தொந்தரவுப் புகார்கள். புதுப் பிரதிநிதியின் முதல் உந்துதல் இருவரையும் உட்கார வைத்து சமாதானம் பேசுவது. கூடவே கூடாது. புகார் கொடுத்த பெண் இன்னொரு முறை அதே ஆளின் முகத்தைப் பார்த்து, "நம்ம சங்கத்துக்குள்ள முடிச்சுக்கலாம்" என்ற பேச்சையும் கேட்டுவிட்டுப் போவார். அப்புறம் சங்கத்தின் பக்கமே வர மாட்டார். இருவருக்கும் தனித்தனிப் பிரதிநிதி வேண்டும், அந்த இரு பிரதிநிதிகளும் ஒருவர் குறிப்பை ஒருவர் பார்க்கக் கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் பணியிட வன்முறை, துன்புறுத்தலுக்கு எதிராகக் கொண்டுவந்த 190-ஆம் உடன்படிக்கை, ஒரே ஒருமுறை நடந்தாலும் அது துன்புறுத்தலாகலாம் என்று சொல்கிறது. "ஒரு தடவைதானே" என்று சொல்லும் பழக்கமுள்ளவர்கள் சங்கத்திலும் உண்டு என்பதால் இதை வாசித்துக் காட்டுவது நல்லது.

நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு பிரதிநிதிக்கும் பக்க எண் போட்ட கட்டு நோட்டு ஒன்று கொடுங்கள். மெமோ வாங்கிய தேதி, பதில் கெடு, யார் என்ன சொன்னார்கள் எல்லாம் அதில் அன்றைக்கே ஏற வேண்டும். அந்த நோட்டு ஒருநாள் விசாரணை அதிகாரியின் மேசைக்குப் போகும் என்று நினைத்து எழுத வேண்டும். "இவன் பொய் சொல்றான்னு தோணுது" என்பதெல்லாம் மனதில் இருக்கட்டும். டீக்கடைப் பேச்சிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பெயர் வரவே கூடாது. நாக்கு தவறும் பிரதிநிதியிடம் இரண்டாவது ஆள் வர மாட்டார்.

உடனடி உத்தரவு விஷயத்தில் புதியவர்கள் ஆட்களைச் சிக்க வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசர் தப்பான உத்தரவு போட்டால், "செய்யாதே, நான் இருக்கேன்" என்று பிரதிநிதி சொல்லிவிடுவார். அந்த ஆளுக்குக் கீழ்ப்படியாமை என்று தனியாக ஒரு சார்ஜ் ஷீட் வரும். மூல உத்தரவு தப்பு என்பது பின்னுக்குப் போய்விடும். பொது விதி: வேலையைச் செய், உடனே முறையிடு. விதிவிலக்கு உயிருக்கு ஆபத்து. உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையிடத்தை விட்டு விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் உடன்படிக்கை சொல்கிறது. ஆபத்து என்றால் எது, எரிச்சல் என்றால் எது என்று உங்கள் வேலையிடத்து உதாரணங்களை வைத்தே பிரித்துக் காட்டுங்கள்.

"துணையாக நிற்க" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதில் வழக்கு நடத்துவது ஒரு பகுதிதான். சஸ்பெண்ட் ஆனவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் போன் வரும், இரண்டாவது வாரம் குறையும், மூன்றாவது வாரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். சங்க ஆட்களுக்கும் சொல்லப் புதிதாக ஒன்றும் இருக்காது, அதனால் கூப்பிடக் கூச்சம். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் வாரம் இரண்டு முறை போன் செய்ய வேண்டும் என்று வகுப்பில் எழுதிப் போடுங்கள். "விசாரணைத் தேதி இன்னும் வரல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்பது முழுமையான உரையாடல். அதே நேரம் பிரதிநிதி மருத்துவரோ வட்டியில்லாக் கடன் கொடுப்பவரோ ஆகிவிடக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அந்த ரகசியத்தைத் தனியாகச் சுமக்கக் கூடாது. வீட்டாரையும் தகுந்த உதவியையும் அன்றைக்கே எட்ட வேண்டும். ரகசியக் காப்புக்கு இது ஒரு விலக்கு என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் தடுமாற மாட்டார்கள்.

என் முதல் மெமோ கதையில் சொன்ன "நான் பாத்துக்கறேன்" என்ற வாக்கியத்துக்குத் திரும்பி வருகிறேன். அதைச் சொல்லிச் சொல்லித்தான் சங்கங்களில் 'முடித்துக் கொடுக்கும் அண்ணன்' ஒருவர் உருவாகிறார். லீவு வேண்டுமா, அவர். ஷிப்ட் மாற வேண்டுமா, அவர். அவருக்கும் அது பிடித்துப்போகும். நிர்வாகத்துக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் ஒரே ஒரு ஆளைச் சமாளித்தால் போதும். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் அந்தப் பிரிவில் சங்கமே இருக்காது. இதற்கு மாற்றாக, முறையீட்டின் முதல் வரைவைப் பாதிக்கப்பட்டவரையே எழுதச் சொல்லுங்கள், தப்பும் தவறுமாக இருந்தாலும் சரி. சாட்சிகளைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போகட்டும். இப்படி ஒரு தடவை நடந்த ஆள்தான் பெரும்பாலும் அடுத்த பிரதிநிதி. அமெரிக்காவின் டென்னசியில் 1932-ல் மைல்ஸ் ஹார்ட்டன் முதலானோர் தொடங்கிய ஹைலேண்டர் பள்ளி, தொழிற்சங்கத்தினரை இந்த மாதிரிதான் பழக்கியது: வந்தவர்களின் அனுபவத்தையே பாடமாக எடுத்துக்கொண்டு, அவர்களைக் கொண்டே பதிலைத் தேட வைத்தார்கள்.

இனி நேரம் பற்றி. இரண்டு நாளையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். ஒரு நாள் இப்போது, இன்னொரு நாள் ஐந்தாறு வாரம் கழித்து. இடையில் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு பிரச்சினையைக் கையில் எடுத்திருப்பார்கள். இரண்டாம் நாள் பாடம் அதிலிருந்தே கிடைக்கும். நடிப்புச் சீட்டுகூட எழுத வேண்டியதில்லை. முதல் விசாரணைக்குப் புதியவர் தனியாகப் போகாமல், அனுபவமுள்ளவர் பக்கத்தில் உட்காரட்டும், பேசாமல். நாளையும் நேரத்தையும் குறிக்கும் முன் நைட் ஷிப்ட் ஆட்களையும் பெண் பிரதிநிதிகளையும் கேளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

பயிற்சிக்குச் சம்பளத்தோடு நேரம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 135-ஆம் உடன்படிக்கை (1971) தொழிலாளர் பிரதிநிதிகளுக்குப் பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பும், வேலையைச் செய்வதற்கான வசதிகளும் தர வேண்டும் என்கிறது. 1974-ன் 140-ஆம் உடன்படிக்கை, சம்பளத்தோடு கூடிய கல்வி விடுப்பில் தொழிற்சங்கக் கல்வியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. உங்கள் நாடு இவற்றை ஏற்றிருக்கிறதா என்பதை வக்கீலிடம் கேளுங்கள். ஏற்காவிட்டாலும் அடுத்த ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில் இந்த வாசகத்தைச் சேர்க்கத் தடையில்லை.

மூன்று மாதம் கழித்து 14 பேரையும் நோட்டோடு வரச் சொல்லுங்கள். வெற்று நோட்டோடு வருபவரின் பிரிவில் பிரச்சினையே இல்லை என்று நம்பிவிடாதீர்கள். அங்கே யாரும் அவரிடம் பேசவில்லை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். உட்கார்ந்து ஏன் என்று பாருங்கள், சில நேரம் அவர் சூப்பர்வைசரோடு தினமும் சேர்ந்து சாப்பிடுவது மட்டுமே காரணமாக இருக்கும். நோட்டு நிரம்பி இரண்டாவது நோட்டு வாங்கிவிட்டவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் சரியாகத் தூங்குகிறாரா என்று கேளுங்கள், அவர் பிரிவிலிருந்து கூடுதலாக இன்னும் இருவரை அடுத்த வகுப்புக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.